டீச்சர் வீட்டுப் போனில் விசில்

ஞானஜோதி டீச்சரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பார்த்து ஒருதலைப்பட்சம் என்று சொல்லக்கூடாது. ஒருதலைப்பட்சம்தான். பொழிச்சலூரில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு காம்பவுண்டுச் சுவர். என் அப்பா தனக்கோடி தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பம்மல், அனகாபுத்தூர் பக்கமெல்லாம் அவர் லாரிதான் தண்ணீர் அடிக்கும். ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது லாரி அந்தச் சுவரை உரசிவிட்டது. பூசித் தருகிறேன் என்றார் அப்பா. டீச்சரின் கணவர் தேவானந்தம், பூச்செல்லாம் வேண்டாம், முழுச் சுவரையும் இடித்துப் புதிதாகக் கட்டித் தா என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. அப்புறம் லாரி நின்றால் குற்றம், கிளம்பினால் குற்றம். எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் அவர்கள் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்படும். அவர்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் என்றால் அப்பா வேண்டுமென்றே லாரி எஞ்சினைப் போட்டுவிட்டு உள்ளே வந்து காபி குடிப்பார்.

இந்த லட்சணத்தில்தான் டீச்சர் வீட்டு லேண்ட்லைன் போனில் விசில் வர ஆரம்பித்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு மேல் போன் அடிக்கும். எடுத்தால் பேச்சில்லை. சற்று மௌனம், பிறகு மெல்லிசாக ஒரு விசில், மறுபடி மௌனம், மறுபடி விசில். டீச்சர் திட்டினாலும் விசில்தான் பதில், வேத வசனம் சொன்னாலும் விசில்தான் பதில். ரிட்டயர் ஆன ஒரு கணக்கு டீச்சரைப் பார்த்து எவனோ விசிலடிக்கிறான் என்றால் அது பக்கத்து வீட்டு லாரிக்காரனைத் தவிர வேறு யாராக இருக்கும்? டீச்சர் ஸ்டேஷனுக்குப் போய், 'தனக்கோடி மற்றும் அவர் குடும்பத்தார்' மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். ஆகவே அந்தக் குடும்பத்தார் என்பது அனுப்பிரியா, அதாவது நான்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கண்ட்ரோல் பேனல் வேலை பார்க்கிறேன். எங்கெல்லாம் மோட்டார் தானாக ஓடித் தானாக நிற்கவேண்டுமோ அங்கெல்லாம் எங்கள் பெட்டி இருக்கும். வெயிலிலும் புழுதியிலும் இத்தனை வருஷம் சைட் சைட்டாக அலைந்த பிறகு, கம்பெனி என்னை தோஹாவுக்கு அனுப்புவதாகச் சொன்னது. பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கக் கொடுத்தேன். வெரிபிகேஷனுக்குப் போனபோது எஸ்.ஐ. ஃபைலைப் புரட்டிவிட்டு, "உன் பேர்ல ஒரு புகார் நிக்குதேம்மா, அது முடியாம நான் எப்படி எழுதுறது?" என்றார். மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் கையில் இல்லாவிட்டால் எனக்குப் பதில் போவதற்கு ஜெஃப்ரி என்று ஒருத்தன் எங்கள் ஆபீசில் தயாராக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாஸ்போர்ட் வந்துச்சா?" என்று அக்கறையாகக் கேட்பான். அந்த அக்கறையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எஸ்.ஐ. இரண்டு வீட்டையும் கூப்பிட்டு எதிரும் புதிருமாக உட்காரவைத்தார். டீச்சர் புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, வகுப்பில் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"சார், இது வாயால அடிக்கிற விசில் இல்ல. ஒவ்வொரு தடவையும் அதே சத்தம், அதே கேப். நான் வாட்ச் வச்சுப் பாத்துட்டேன். ஏதோ மெஷின் வச்சுத்தான் அடிக்கிறாங்க. அந்த வீட்டுல மெஷினுக்குப் படிச்சவ யாருன்னு நீங்களே கேளுங்க."

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இன்னா டீச்சர் பேசுற? என் பொண்ணு குந்திகினு உனுக்கு விசிலடிக்குதுன்றியா? அதுக்கு வேற பொழப்பு இல்ல?"

நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும். ஆனால் 'அதே சத்தம், அதே கேப்' என்று டீச்சர் சொன்னதும் எனக்குள் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"விசில் அரை செகண்ட் வருமா? அப்புறம் ரெண்டு செகண்ட் சும்மா இருக்குமா?" என்று கேட்டேன்.

டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டார். "பாத்தீங்களா சார்! அவளே சொல்றா! கரெக்டா அப்படித்தான் வருது!"

"சார், அது மோடம்," என்றேன். "ஒரு மெஷின் இன்னொரு மெஷினுக்குப் போன் பண்ணுது. பேசறது மனுஷன் இல்லன்னு சொல்றதுக்குத்தான் அந்த விசில். எதிர்ல ஒரு மோடம் எடுத்தா விஷயத்தைச் சொல்லிட்டு வச்சிடும். டீச்சர் எடுத்து ஹலோன்னா அதுக்கு என்ன தெரியும்?"

"இந்தக் காலத்துல எவம்மா மோடம் வச்சிருக்கான்?" என்றார் எஸ்.ஐ.

"எங்க கம்பெனியிலயே இருக்கு சார். பழைய சைட்டுக்கெல்லாம் லேண்ட்லைன்தான். அதுக்குன்னே ஒரு பழைய லேப்டாப் வச்சிருக்கோம். அதுக்குள்ளயே மோடம் இருக்கும்."

"கர்த்தாவே, அவ வாயாலயே வருது," என்று டீச்சர் கைகளைக் கோத்துக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், ஏன் இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தோம் என்ற வருத்தம் அப்பட்டமாகத் தெரிந்தது.

டீச்சருக்குப் பக்கத்தில் தேவானந்தம் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, முகத்தில் சர்ச்சில் காணிக்கைத் தட்டு நீட்டுகிறவரின் சாந்தம். எஸ்.ஐ. அவரிடம், "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"நான் என்னத்தைச் சொல்றது சார். கம்ப்ரஸர் பாத்து ரிட்டயர் ஆனவன். ஸ்பானர் பிடிச்ச கை. இந்தக் கம்ப்யூட்டர், மோடம் எல்லாம் நமக்குத் தெரியாது. எந்த நம்பர்லேர்ந்து வருதுன்னு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கே நேர்ல போய்க் கேட்டேன். அவங்க சிஸ்டத்துல காட்டலன்னுட்டாங்க. எங்க வீட்டுல இருக்கறதும் பழைய செட்டு, நம்பர் தெரியாது."

அந்த விசிலுக்கு ஒரு மோடத்தை வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கலாம், என்னை அவர்கள் வீட்டுக்குள் விடுங்கள் என்று எஸ்.ஐ.யிடம் கேட்டேன். டீச்சர் முடியவே முடியாது என்றார். எஸ்.ஐ.க்கு எங்களை வெளியே அனுப்பினால் போதும் என்றிருந்தது. கிருபா என்கிற பெண் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல இந்தப் பொண்ணுகூட நீ போ. அந்த போன் வரும்போது என்ன காட்டுதோ பாரு. ஒண்ணும் தேறலன்னா வா, எஃப்.ஐ.ஆர். போட்டுடலாம்."

எஃப்.ஐ.ஆர். விழுந்தால் தோஹா அவ்வளவுதான். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

வெளியே வந்து அப்பா வண்டியை எடுக்கப் போனார். தேவானந்தம் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுக்கும்மா வீண் அலைச்சல்? உங்கப்பாவை அந்தச் சுவரைக் கட்டித் தரச் சொல்லு. டீச்சர்கிட்ட நான் பேசறேன். நீயும் நிம்மதியா பிளேன் ஏறலாம்."

"அந்தச் சுவருக்கும் விசிலுக்கும் என்ன அங்கிள் சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் ஒரே புகார்தானே," என்று சொல்லிவிட்டு டீச்சருக்கு ஆட்டோ பிடிக்கப் போனார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார், நாமும் சேர்ந்து நாலு வார்த்தை திட்டலாம் என்று பார்த்தால், அவர் லாரி டயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கட்டிக் குடுத்துர்லாமாம்மா?" என்றார். "செவுரு இன்னா பெரிய செவுரு. நீ போய்ச் சேந்தா போதும்."

"கட்டிக் குடுத்தா நாமதான் விசிலடிச்சோம்னு ஆயிடும்ப்பா."

"ஆவட்டுமே. என்னிய இன்னா பண்ணிருவாங்க?"

என் அப்பா யாருக்கும் பணிந்து நான் பார்த்ததில்லை. லாரிக்கு வழிவிடாத பஸ்காரனிடம் இறங்கிப்போய்ச் சண்டை போடுகிறவர். அவர் எனக்காக, செய்யாத பொறுக்கித்தனத்தை ஒப்புக்கொள்ளத் தயாராகிறார். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. நீ செங்கல் வாங்கினால் நான் தோஹாவுக்கே போகமாட்டேன் என்று கத்திவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலையில் கிருபாவும் நானும் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தோம். வீடு டீச்சர் சம்பாதித்துக் கட்டியது. பத்திரம் அவர் பெயரில்தான் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், டீச்சரே சொல்லியிருக்கிறார். ஹாலில் வசனக் காலண்டர், கனடாவில் இருக்கும் மகள் ஈவ்லினின் கல்யாண போட்டோ, ஓரமாக ஒரு ஸ்டூலில் பூவேலை செய்த துணி போர்த்திய போன். வாசல் கதவை ஒட்டி, ஒரு கனமான தேக்கு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் உள்ளே வர அதை நகர்த்த வேண்டியிருந்தது.

"இன்னாத்துக்கு டீச்சர் கதவுக்கு நாற்காலி?" என்று கிருபா கேட்டாள்.

"பயம்தான். போன்ல விசிலடிக்கிறவன் வீட்டுக்கு வரமாட்டான்னு என்ன நிச்சயம்? காலைல நடக்கப் போறத விட்டுட்டேன். போன் அடிச்சா நெஞ்சு படபடங்குது. ஈவ்லின் கூப்பிட்டாகூட இவரைத்தான் எடுக்கச் சொல்றேன்."

டீச்சர் சொல்லும்போது என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் பாஸ்போர்ட்டை மறித்துக்கொண்டு நிற்கிற பெண்மணி பயந்து சாகட்டும் என்றுதான் இருந்தது.

சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தேவானந்தம், நான் லேப்டாப்பைத் திறந்ததும் பேப்பரை மடித்தார். "போன் லைன்ல கண்டதையும் சொருகினா லைன் போயிடும்மா. அப்புறம் ரிப்பேருக்கு நாய் மாதிரி அலையணும்."

"போச்சுன்னா நான் சொல்லி சரிபண்ணித் தரேன் சார். நீங்க உக்காருங்க," என்றாள் கிருபா.

போனிலிருந்து ஒயரைக் கழற்றி லேப்டாப்பின் பக்கவாட்டில் இருந்த ஓட்டையில் சொருகினேன். கறுப்புத் திரை வந்தது. AT என்று அடித்து என்டரைத் தட்டினேன். கீழே OK என்று வந்தது.

"இவ்ளோதானா?" என்றாள் கிருபா.

"இவ்ளோதான் அக்கா. நான் சொல்றத கவனின்னு அர்த்தம். கவனிக்கிறேன்னு அது சொல்லிடுச்சு."

ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்ட இன்னொரு கட்டளை கொடுத்தேன். அந்த விசிலின் சொந்தக்காரன் யார் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்கவேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று இறங்கியது. கிருபாவுக்குக் காபி வந்தது. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட வரவில்லை. தண்ணீர் லாரிக்காரர் மகளுக்கு எதற்குத் தண்ணீர் என்று நினைத்திருக்கலாம்.

ஒன்பது தாண்டியது. கிருபா காபியைக் குடித்து முடித்துவிட்டு வாட்சைப் பார்த்தாள். தேவானந்தம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னிக்கு வராதும்மா. போன் பண்ற ஆள் இங்கயே உக்காந்திருக்கும்போது எப்படி வரும்?"

டீச்சர் தலையை ஆட்டினார். "அதான் நானும் நெனச்சேன்."

இன்றைக்கென்று வராமல் போனால்? அந்தப் பக்கத்து மெஷின் இன்றைக்கே ரிப்பேராகித் தொலைத்தால்? ஜெஃப்ரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குள் போவது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஏர்போர்ட் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும் என்பது வேறு விஷயம்.

திரையில் RING என்று விழுந்தது.

போனைக் கழற்றிவிட்டதால் வீட்டில் மணிச் சத்தமே இல்லை. ஆனாலும் அந்த எழுத்தைப் பார்த்ததும் டீச்சரின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது. மறுபடி RING. நான் ATA என்று அடித்தேன். போனை எடு என்று அர்த்தம். லேப்டாப்பிலிருந்து முதலில் ஒரு நீண்ட ஊளை, பிறகு இரைச்சல், பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறிக் கீச்சிட்டுக்கொண்ட சத்தம். டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். சட்டென்று எல்லாம் அடங்கி CONNECT என்று வந்தது. இத்தனை நாளாக விசிலடித்துக்கொண்டிருந்தது வாயைத் திறந்து பேச ஆரம்பித்தது.

ஆங்கிலத்தில் வரிவரியாக வந்தது. நான் கிருபாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "படப்பை, குளிர்பதனக் கிடங்கு, ரெண்டாம் நம்பர் கோல்டு ரூம். உள்ள எவ்வளவு குளிர் இருக்குன்னு தினசரி ரிப்போர்ட். மொத நம்பர்ல யாரும் எடுக்கல, அதனால ரெண்டாவது நம்பருக்குக் கூப்பிட்டிருக்கு. ரிப்போர்ட் கிடைச்சுதுன்னு ஒப்புக்கற கோடு நம்பரைக் கேக்குது. அத அடிக்கிற வரைக்கும் தினமும் கூப்பிடும்."

"ரெண்டாவது நம்பர்னா?" என்றாள் கிருபா.

"இந்த வீட்டு நம்பர். யாரோ இத அந்த மெஷினுக்குள்ள போட்டு வச்சிருக்காங்க."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "படப்பை," என்று வாய்விட்டுப் படித்தார். "கோல்டு ரூம்." பிறகு மெதுவாக நிமிர்ந்து கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க வேல பாத்த இடம்தானே இது?"

தேவானந்தம் எழுந்துவிட்டார். "போதும் போதும், லைன் கெட்டுடும்," என்று சொல்லிக்கொண்டே என்னைத் தள்ளாத குறையாக லேப்டாப் முன்னால் வந்து குனிந்தார். ஒயரைப் பிடுங்கப் போகிறார் என்று நினைத்து நான் ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டேன். அவர் ஒயரைத் தொடவில்லை. கீ போர்டில் கூட்டல் குறியை மூன்று முறை தட்டினார். +++. என்டரைத் தட்டவில்லை. விரல்களை எடுத்து அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். திரையில் OK வந்தது. ATH என்று அடித்து, இப்போது என்டரைத் தட்டினார். லைன் துண்டாகியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இரண்டு மோடம்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் எதை அடித்தாலும் அது எதிர்ப்பக்கத்துக்குப் போகிற பேச்சாகிவிடும். நம் மோடத்தையே கூப்பிட்டு 'நிறுத்து' என்று சொல்ல மூன்று கூட்டல் குறி அடிக்கவேண்டும். அடித்த பிறகு ஒரு மூச்சு நேரம் எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது. தொட்டால் அந்த மூன்றும் பேச்சோடு பேச்சாகப் போய்விடும். எங்கள் ஆபீசில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் தப்பு செய்வார்கள். கை சும்மா இருக்காது, என்டரைத் தட்டிவிடும். நானும் தட்டி வசவு வாங்கியிருக்கிறேன். கையை அந்தரத்தில் நிறுத்துவது வருஷக்கணக்கில் செய்தவர்களுக்குத்தான் தானாக வரும். ஒன்றும் தெரியாதவன் பயந்தால் ஒயரைப் பிடுங்குவான். தெரிந்தவன் பிடுங்கமாட்டான், பேச்சின் நடுவே பிடுங்கினால் அந்தப் பக்கத்துப் பெட்டி ஹேங் ஆகிவிடும், அப்புறம் படப்பை வரைக்கும் வண்டியில் போய் அதை அணைத்துப் போடவேண்டும். தேவானந்தத்துக்கு அந்த நேரத்தில் இருந்த பதற்றத்திலும் கை பழக்கத்தை விடவில்லை.

"கம்ப்யூட்டர் தெரியாதுன்னீங்களே அங்கிள்," என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருந்தது.

"இன்னா சார் அடிச்சீங்க இப்ப?" என்று கிருபா எழுந்து வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா, கட் பண்ணேன்."

"அது கட் பண்றதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் சும்மா இருக்கவில்லை. "அக்கா, அந்த மெஷின்ல இந்த வீட்டு நம்பரைப் போட்டதே இவர்தான். கேளுங்க."

"டியூட்டிக்காகப் போட்டேன்," என்று தேவானந்தம் குரலை உயர்த்தினார். "கம்ப்ரஸர் நின்னா எனக்குத் தெரியவேணாமா? அப்ப கம்பெனியில செல்போனா குடுத்தாங்க? வீட்டு நம்பரைத்தான் ரெண்டாவதாப் போட்டு வச்சேன். ஆபீஸ் லைன் இருந்த வரைக்கும் அதுக்கே போயிட்டிருந்துச்சு. இப்ப அந்த லைனை சரண்டர் பண்ணியிருப்பாங்க, அதான் இங்க வருது. ரிட்டயர் ஆகும்போது எடுக்க மறந்துட்டேன். மறந்தது ஒரு குத்தமா?"

"மறந்தது குத்தம் இல்ல," என்றார் டீச்சர். குரல் எழவே இல்லை. "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஜோதி, உள்ள போய்ப் பேசுவோம்."

"எப்பத் தெரிஞ்சுது?"

அவர் கிருபாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதவிக்கு யாரும் இல்லை. "மொத நாளே. நீ ரிசீவரை என் காதுல வச்சியே, அப்பவே."

"எவனோ பொறுக்கின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன்னு சொன்னீங்க."

"போகல. நீ முதல்ல தனக்கோடி பேரைச் சொன்ன ஜோதி, நான் சொல்லல. சரி, அப்படியே போகட்டும்னு இருந்தேன். ஒரு வாரமோ ரெண்டு வாரமோ. அவன் பொண்ணு வெளிநாடு போற நேரம், இறங்கி வந்து சுவரைக் கட்டித் தருவான். உடனே புகாரை வாபஸ் வாங்கச் சொல்லியிருப்பேன். நமக்குத்தானே நல்லது. உனக்கு ஒண்ணும் ஆகலையே."

டீச்சர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அந்த நாற்காலி. எனக்குத் தூக்க முடியலன்னு நீங்கதானே தினமும் ராத்திரி தூக்கிட்டு வந்து கதவுக்கிட்ட போடறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் நடுங்கிட்டுப் படுத்திருக்கேன். பக்கத்துல படுத்துக்கிட்டு, பயப்படாதே ஜோதி, நான் இருக்கேன்னு சொன்னீங்க. வர்றது உங்க மெஷினுன்னு தெரிஞ்சே சொன்னீங்க."

எனக்குள் ஜெயித்த சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்திருக்கவேண்டிய நேரம் அது. பாதி வந்து அப்படியே நின்றுவிட்டது. நான் இந்த ஆளை எனக்கும் என் அப்பாவுக்கும் மட்டும்தான் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் ஏதாவது மாறியிருக்கவேண்டும். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"நீ என்னைப் பாத்துப் பரிதாபப்பட வேண்டாம்," என்றார். "உன்னை எனக்கு இப்பவும் பிடிக்கல."

"எனக்கும்தான் டீச்சர்," என்றேன்.

கிருபாவுக்கு இதற்குமேல் அங்கே நிற்க விருப்பமில்லை. பையிலிருந்து புகார்க் காகிதத்தை எடுத்தாள். "சரி டீச்சர், விஷயம் தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கோங்க. வாபஸ் வாங்கிக்கறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா நான் கிளம்பிடுவேன். இந்தப் பொண்ணுக்கும் பாஸ்போர்ட் வேலை முடியும்."

"வாபஸ் எதுக்கு?" என்றார் டீச்சர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டீச்சர், எல்லாம் கண்ணால பாத்தீங்க. இன்னும் என் பேர்..."

வகுப்பில் சத்தம் போடும் பிள்ளையை அடக்குகிற மாதிரி ஒரு கையை உயர்த்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். என்னையறியாமல் மூடிக்கொண்டேன் என்பதுதான் எரிச்சல்.

"போன் வந்தது நிஜம். நான் பயந்தது நிஜம். பேரு மட்டும்தான் தப்பாப் போச்சு."

கிருபாவின் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். மேஜைமேல் வைத்து, 'தனக்கோடி மற்றும் அவர் குடும்பத்தார்' என்ற வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். அடித்த இடத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே, போர்டில் எழுதுகிற அந்த உருண்டைக் கையெழுத்தில் ஒரு பெயரை எழுதிக் கிருபாவிடம் நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். தேவானந்தம் எட்டிப் பார்க்கவில்லை, அவருக்குப் புரிந்திருந்தது.

"ஜோதி, சர்ச்சுல நான் எப்படித் தலை காட்டறது?" என்றார்.

டீச்சர் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

கிருபா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தாள். "டீச்சர், இது உங்க வீட்டுக்காரர் பேரு."

"தெரியும்."

"ஸ்டேஷன்ல இத எடுத்துப்பாங்களான்னு தெரியல டீச்சர்."

"எடுத்துக்கலன்னா நானே வந்து எஸ்.ஐ.கிட்ட பேசறேன். இந்தப் பொண்ணு வீட்டுப் பேரை அடிச்சாச்சு, அத மட்டும் இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடு."

கிருபா என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பை மூடி ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். என் வேலை முடிந்துவிட்டது. நின்று வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டுத்தான் வந்தேன். இப்போது சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருந்தது.

"பேரு எழுதிட்டீங்க, கீழ விலாசம் இன்னும் பக்கத்து வீட்டு விலாசமாவே இருக்கு," என்று கிருபா தடுமாறினாள். "அதையும் மாத்தணுமே. இவருக்கு என்ன விலாசம் டீச்சர் போடறது?"

டீச்சர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"அந்த இடத்தைக் காலியா விடு. எங்க போய் இருக்கப் போறார்னு சாயந்தரம் கேட்டுச் சொல்றேன்."